28 பவுண்டில் ஸ்ட்ரிங் போட்டதிலிருந்து முழங்கை வலி

கேள்வி:
ஈரோட்டில் வாரம் நாலு நாள் காலையில் பேட்மிண்டன் டபுள்ஸ் ஆடுகிறேன். வயது 41. நைலான் ஷட்டில்தான். போன மாதம் கடையில் ஸ்ட்ரிங்கை 28 பவுண்டு டென்ஷனில் (இழுவையில்) போட்டால்தான் ஸ்மாஷ் நன்றாக வரும் என்றார்கள். பிஜி 66 அல்டிமாக்ஸ் என்ற ஸ்ட்ரிங்கைப் போட்டேன். சத்தம் அருமை. ஆனால் பின்கோட்டிலிருந்து டாஸ் (உயரமாகத் தூக்கி எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு அடிப்பது) அடித்தால் எதிர்ப்பக்கம் பாதியிலேயே விழுகிறது. முழங்கையும் வலிக்கிறது. ஸ்ட்ரிங்கை மாற்றவா, டென்ஷனைக் குறைக்கவா?

பதில்:
இரண்டையும்தான். ஆனால் வலி போகும் வரை ராக்கெட்டைத் தொடாதீர்கள்.

சேலத்தில் 11 வருடமாக ஸ்ட்ரிங் போடுகிறேன். டென்ஷன் ஏற ஏற ஸ்ட்ரிங் விறைத்துவிடும், ஷட்டிலைத் தள்ளும் வேலை முழுக்க உங்கள் கைக்கு வந்துவிடும். நன்றாகப் படுகிற இடமும் சுருங்கும். 28 எல்லாம் தினமும் பயிற்சி எடுக்கிறவர்களுக்குச் சரி. நீங்கள் 23-இல் பிஜி 65 போடுங்கள். அது 0.70 மி.மீ., உங்களுடையது 0.65. மெல்லியதில் சத்தமும் துள்ளலும் கூடும், ஆனால் சீக்கிரம் அறும்.

அறுந்து வருகிற ராக்கெட்டில் எந்த இடம் என்றுதான் முதலில் பார்ப்பேன். நடுவில் பிசிறு பிசிறாக இருந்தால் ஆடித் தேய்ந்தது. மேலே ஃபிரேமை ஒட்டிக் கத்தரித்தது போல் இருந்தால் ஷட்டில் ஓரத்தில் பட்டது. இரண்டாவது வகையே திரும்பத் திரும்ப வந்தால் டென்ஷனைக் குறைக்கச் சொல்லிவிடுவேன்.

இன்னொரு பதில்:
ராக்கெட்டில் எத்தனை பவுண்டு வரை என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். என் தம்பி அதைத் தாண்டிப் போட்டு ஃபிரேமே விரிசல் விட்டது. அப்புறம், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், ஸ்ட்ரிங் தளர்ந்துவிடும்.

கேட்டவர்:
20-28 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நான் உச்சத்தில் ஆடியிருக்கிறேன்! கொஞ்ச நாளில் தளரும் என்கிறார்களே, 25 போட்டுவிடலாமா?

பதில் (சேலம்):
வேண்டாம். தளரத்தான் செய்யும், முதல் ஒன்றிரண்டு நாளிலேயே கொஞ்சம் இறங்கும். அதற்காகக் கூட்டிப் போட்டால் வலியிலிருந்து மீண்டு ஆடப்போவதும் அந்த முதல் நாட்களில்தான். 23 போட்டு ஒரு மாதம் ஆடுங்கள். டாஸ் பின்கோடு வரை சுலபமாகப் போனால் அடுத்த முறை ஒரே ஒரு பவுண்டு கூட்டலாம். இப்போதிருக்கும் ஸ்ட்ரிங்கை அறுக்கும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து மொத்தத்தையும் அறுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுவை நின்றால் ஃபிரேம் கோணிவிடும்.