தாலி கட்டும் நேரத்தில் கார்டு கைவிட்டது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

காவிரிக்கரை

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் பதினேழு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2019 ஆவணி. காலை ஆறு முதல் ஏழரைக்குள் முகூர்த்தம். நான்கு மாதம் முன்புதான் உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவை விட்டு, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறியிருந்தேன். கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஆட்டோஃபோகஸ், படம் எப்படி வரும் என்று வியூஃபைண்டரிலேயே தெரிவது, இந்த இரண்டுக்காகத்தான் மாறினேன். பழைய கேமரா பாடியில் மெமரி கார்டு போட இரண்டு ஸ்லாட். புதியதில் ஒன்றுதான். அதுவரை ஒரு கார்டுகூடக் கெட்டதில்லை, அதனால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

தாரை வார்த்தாயிற்று. கெட்டிமேளம் கொட்ட, மூன்று முடிச்சும் எடுத்துவிட்டேன். அட்சதை விழுந்துகொண்டிருக்கும்போது திரையில் கார்டைப் படிக்க முடியவில்லை என்று வந்தது. கழற்றி மாட்டினேன். அதேதான். வேறு கார்டு போட்டு மீதிச் சடங்குகளை எடுத்தேன், ஆனால் என்ன எடுத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

மென்பொருள் வைத்துத் தோண்டியதில் பாதிக்கு மேல் தேறியது. முடிச்சுப் போடும் படத்தில் மேல் பாதி இருக்கிறது, கீழே சாம்பல் நிறம். தாரை வார்த்த படங்களில் ஒன்றுகூட வரவில்லை. பெண்ணின் அப்பா அடுத்த வருடமே தவறிவிட்டார். மகள் கையைப் பிடித்துக் கொடுக்கும் அந்த நேரம் வீடியோவில் மட்டும் இருக்கிறது, அதிலும் அவர் முகத்தைப் புரோகிதரின் தோள் மறைக்கிறது. அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதிப் பணம் கொடுக்க வந்தார்கள், நான் வாங்கவில்லை.

அறுபது மெகாபிக்சல் எனக்கு வேண்டாம். ஒரே படத்தை ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதும் பாடி வேண்டும், அதுவும் இரண்டு ஸ்லாட்டும் ஒரே வகையாக, ஒரே வேகமாக இருக்க வேண்டும். ஒன்று வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு, இன்னொன்று அதைவிட மெதுவான எஸ்டி கார்டு என்று வைத்தால், இரண்டிலும் எழுதும் பேக்கப்பைப் போட்டதும் வேகமான கார்டு மெதுவான கார்டுக்காகக் காத்து நிற்கிறது. அந்த வேகத்துக்குக் கொடுத்த காசு வீண். இப்போது கேமரா பிடித்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலை ஒன்றிலும், சுருக்கிய ஜேபெக்கை மற்றதிலும் போட்டுச் சமாளிக்கிறேன்.

கேமரா கம்பெனிகளிடம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? எந்த நாளில் அது உங்களுக்குத் தெரிந்தது?

கோவை கேண்டிட்

அண்ணா, படிச்சதும் என் கார்டெல்லாம் எடுத்து ஒரு தடவை பார்த்தேன்.

உங்களை மாதிரி நிறைய பேர் கேட்டதாலதான் கம்பெனிகளும் மாறினாங்க. 2018-ல வந்த நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஈஓஎஸ் ஆர் மூணுலயும் ஒரே ஸ்லாட். 2020-ல இசட்6, இசட்7 ரெண்டோட அடுத்த பதிப்பும், கேனான் ஆர்6-ம் ரெண்டு ஸ்லாட்டோட வந்துச்சு. அதனால நாம கேக்கறதை நிறுத்தக் கூடாது.

என் பிரச்சினை ரிசப்ஷன் மேடை. பின்னாடி முழுக்க எல்ஈடி திரை. பாட்டுக் கச்சேரி நடக்குதுன்னு சத்தமில்லாத ஷட்டர் வெச்சேன். வீட்டுக்கு வந்து பார்த்தா மாப்பிள்ளை முகத்துல இருந்து புடவை வரைக்கும் குறுக்கே கறுப்புப் பட்டை. ஒண்ணு ரெண்டு இல்ல, எம்பது படம். மின்னணு ஷட்டர், படத்தைப் பிடிக்கற சென்சாரை மேல இருந்து கீழ வரி வரியாப் படிக்குது. அதுக்குள்ள விளக்கு பல தடவை அணைஞ்சு எரிஞ்சிடுது. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுல நேரா எரியற விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். அதுக்கு ஷட்டரை 1/100 நொடியில வெச்சா போதும். எல்ஈடி திரை துடிக்கிற வேகமே வேற, அங்க இந்தக் கணக்கு நிக்கறதில்ல.

2021-ல நிக்கான் இசட்9 மெக்கானிக்கல் ஷட்டரையே தூக்கிடுச்சு, அவ்வளவு வேகமாப் படிக்குது. 2023-ல சோனி ஏ9 மூணாவது பதிப்பு மொத்த சென்சாரையும் ஒரே நேரத்துல படிக்கற மாதிரி வந்துச்சு. ரெண்டும் என் ஒரு வருஷ வருமானத்தைக் கேக்குது. அந்தச் சென்சார் நடுத்தர விலைக்கு இறங்கணும். நான் கேக்கறது அது ஒண்ணுதான்.

குளத்து மீன்கொத்தி

நான் தொழில்முறை ஆள் இல்லை. திருநெல்வேலியிலிருந்து விடுமுறை நாட்களில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போய் உட்கார்ந்திருப்பவன். வரித்தலை வாத்து வரும் பருவம் முழுக்க அங்கேதான் இருப்பேன், ஆனால் என் மனசு கருப்பு வெள்ளை மீன்கொத்தியிடம்தான். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று செங்குத்தாக விழும். விழுகிறது என்று என் கண் சொல்லி விரல் அழுத்துவதற்குள் அது நீருக்குள் போயிருக்கும்.

இரண்டு விஷயம் சேர்ந்து என்னை இரண்டு வருடம் ஏமாற்றின. முதலாவது பஃபர், அதாவது கார்டுக்குப் போகும் முன் படங்கள் காத்திருக்கும் கேமராவின் நினைவு. நொடிக்கு இருபது படம், ஒரு ரா ஃபைல் சுமார் 30 எம்பி என்று வையுங்கள். நொடிக்கு 600 எம்பி ஆகிறது. யுஎச்எஸ்-2 என்ற வேக வகை எஸ்டி கார்டின் உச்ச வரம்பே 312 எம்பி. நடைமுறையில் எழுதுவது அதற்கும் கீழே. மூன்று நொடியில் கேமரா திணறி நின்றுவிடும். மீன்கொத்தி மீனோடு மேலே வருவது நான்காவது நொடியில். வெறும் தண்ணீர் வளையம் மட்டும் என்னிடம் ஏராளமாக இருக்கிறது.

இரண்டாவது என் விரலின் தாமதம். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்யும் வசதி இருக்கிறது: ஷட்டரைப் பாதி அழுத்தி வைத்திருக்கும்போதே கேமரா படங்களைத் தற்காலிக நினைவில் சுழற்றிக்கொண்டிருக்கும், முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்தைய கணங்களும் சேர்ந்து கார்டுக்குப் போகும். ஒலிம்பஸ் 2016-லேயே ஈ-எம்1 மார்க் 2-வில் இதைக் கொடுத்துவிட்டது. பெரிய சென்சார் கேமரா செய்பவர்கள் பிறகுதான் வந்தார்கள், சிலர் ஜேபெக்கில் மட்டும் தருகிறார்கள். வெள்ளை இறகும் நீரின் மினுக்கமும் சேரும் இடத்தில் ஜேபெக் வெளுத்துப்போகிறது. ராவில் வேண்டும். போன தை மாதம் நண்பர் ஒருவரின் கேமராவில் முதல்முறை அலகு தண்ணீரைத் தொடும் அந்தக் கணம் கிடைத்தது. எடுத்தவன் நான்தான், ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

வீடியோ மதுரை

எனக்குச் சின்ன விஷயம், ஆனால் பணம் போனது. கார்டில் பெரிதாக 170 என்று போட்டிருந்தது, வாங்கினேன். 4கே-யில் நொடிக்கு 400 மெகாபிட் வைத்து ஓட்டினால் சில நிமிடத்தில் பதிவு தானாக நின்றது. பெண் அழைப்பு ஊர்வலத்தின் நடுவில். பெரிதாக அச்சடித்திருப்பது படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது தொடர்ந்து எழுதும் வேகம், அது வி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும். 400 மெகாபிட் என்றால் நொடிக்கு 50 எம்பி. வி30 உறுதி சொல்வது 30 மட்டும். வி60 வாங்க வேண்டும். கார்டு செய்பவர்கள் அந்த எண்ணை முன்பக்கம் பெரிதாகப் போட்டால் போதும்.

நல்லூர் வீதி

நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். தேர்த் திருவிழா நேரம் வீதி மணலுக்குள்ள நிண்டு லென்ஸ் மாத்தினா சென்சார் முழுக்கத் தூசி. மிரர்லெஸ்ஸில முன்னால கண்ணாடி இல்லாதபடியால் சென்சார் திறந்தபடி நிக்குது. கேனான் ஈஓஎஸ் ஆர் நிறுத்தினவுடன ஷட்டர் திரையை மூடிவிடும், அது நல்ல யோசனை. எல்லாக் கேமராவிலயும் அப்பிடி வரவேணும்.

ரிச்சி தெரு மேசை

சென்னையில் கார்டு, ஹார்ட் டிஸ்க் மீட்கும் வேலை செய்கிறேன். என் மேசைக்கு வருவதில் கணிசமானவை போலிக் கார்டுகள். உள்ளே இருக்கும் சிப் 16 ஜிபி, ஆனால் கேமராவிடம் 128 என்று சொல்லும்படி செய்திருப்பார்கள். முதல் சில நூறு படம் ஒழுங்காக இருக்கும், அதனால் நம்பிவிடுவீர்கள். அதற்கு மேல் எடுத்தது எங்கும் போகாது, அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். அப்படிப் போனதை யாராலும் மீட்க முடியாது.

புதுக் கார்டு வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை மென்பொருளைப் போட்டு, முழுக் கொள்ளளவும் நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். இரண்டும் இலவசம். இந்தச் சோதனையை கேமராவின் மெனுவிலேயே வைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. தவறி ஃபார்மட் செய்துவிட்டால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அழிவது பட்டியல்தான், படம் உள்ளேயே இருக்கும். அதன் பிறகு ஒரு படம்கூட எடுக்காமல், ஓரத்தில் இருக்கும் பூட்டை இழுத்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.

காவிரிக்கரை சார், உங்கள் கார்டு போலி மாதிரித் தெரியவில்லை. மென்பொருளால் பாதிக்கு மேல் வந்திருக்கிறது என்றால் கார்டுக்குள் எழுதுவதையும் படிப்பதையும் நடத்தும் கண்ட்ரோலர் பழுதாக இருக்கலாம். அந்தக் கார்டு இன்னும் இருக்கிறதா?

காவிரிக்கரை

இருக்கிறது தம்பி. அலமாரியில், கல்யாணப் பத்திரிகைக்குள் வைத்திருக்கிறேன். 2019-க்குப் பிறகு ஒரு முறைகூட எதிலும் மாட்டியதில்லை. அந்தப் பெண்ணின் தங்கைக்கு வரும் தை மாதம் கல்யாணம், என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

ரிச்சி தெரு மேசை

மேல்பூச்சைச் சுரண்டி, அடியில் இருக்கும் சின்னப் புள்ளிகளில் நேரடியாக வயர் ஒட்டிச் சிப்பைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. எல்லா மாடலுக்கும் ஆகாது, உறுதி சொல்ல மாட்டேன். நேரில் கொண்டு வாங்க சார், கூரியரில் போட வேண்டாம். அதுவரைக்கும் எந்த ரீடரிலும் போட்டுப் பார்க்காதீர்கள்.

காவிரிக்கரை

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன்.