ரீயூனியன் டி-ஷர்ட் 150 பீஸ்: ஆர்கானிக்னு சொல்றத நம்பி வாங்கலாமா?

மெக்_பேட்ச்_சென்னை:
வணக்கம் மக்களே. டிசம்பர்ல காலேஜ் ரீயூனியன், டி-ஷர்ட் அடிக்கிற வேலைய என் தலைல கட்டிட்டாங்க. திருப்பூர்ல ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். ஒருத்தர் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல) பயோ வாஷ் காட்டன், நேவி ப்ளூ, பிரிண்டோட 175 ரூபா, ஆறே நாள்ல கைக்கு வந்துரும்ங்கிறார். இன்னொருத்தர் ஆர்கானிக் காட்டன், 310 ரூபா, அஞ்சு வாரம் டைம் கேக்குறார். இதுக்கே வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு நாளா சண்டை. ஒருத்தி ஆர்கானிக் இல்லன்னா நான் போடவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, இன்னொருத்தன் பயோ வாஷ்னாலே இயற்கை தானே அதுவே போதும்ங்கிறான், மூணாவது ஒருத்தன் பிளாஸ்டிக் பாட்டில்ல இருந்து செய்யுற பாலியஸ்டர் டி-ஷர்ட் லிங்க்கா அனுப்பிட்டே இருக்கான். எனக்கு ஒண்ணுதான் தெரியணும், கூட குடுக்குற அந்த 135 ரூபா நெஜமாவே யாருக்காவது, எதுக்காவது போய் சேருதா இல்ல பேருக்கு மட்டும்தானா? ஃபீல்டுல இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_மெர்ச்சண்டைசர்:
எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா, அதாவது பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல ஆர்டர ஓட்டுறவனா, குப்பை கொட்டினவன்ங்கிற முறைல சொல்றேன் ப்ரோ. முதல்ல அந்த பயோ வாஷ் நண்பர்கிட்ட சொல்லிடுங்க, அது துணி மேல இருக்குற பஞ்சு முடிய என்சைம் போட்டு அரிச்சு எடுக்குறது, துணி வழுவழுன்னு இருக்கும், உருண்டை உருண்டையா பில்லிங் வராது, அவ்ளோதான். சுற்றுச்சூழலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

ஆர்கானிக்ல ரெண்டு விதமான சர்ட்டிபிகேட் சுத்துது, இத நெறைய பேர் போட்டு குழப்பிக்கிறாங்க. ஓசிஎஸ் (ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட்)னு ஒண்ணு, அது பஞ்சு ஆர்கானிக் தானா, வயல்ல இருந்து கடைசி வரைக்கும் கலப்படம் இல்லாம வந்துச்சான்னு மட்டும்தான் பாக்கும், சாயம் எப்படி போட்டாங்க தண்ணிய எங்க விட்டாங்கன்னு அது கேக்கவே கேக்காது. இன்னொண்ணு ஜிஓடிஎஸ் (குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட்). அதுல குறைஞ்சது 70 சதவீதம் ஆர்கானிக் நார் இருக்கணும், "ஆர்கானிக்"னு முழுசா லேபிள் போடணும்னா 95, அது போக எந்த கெமிக்கல் ஆகாது, கழிவுத்தண்ணி, கூலி, வேலை நேரம், குழந்தைத் தொழிலாளர்னு எல்லாத்துக்கும் விதி இருக்கு. வியாபாரி ஆர்கானிக்னு சொன்னா "ஓசிஎஸ்ஸா ஜிஓடிஎஸ்ஸா"ன்னு முதல் கேள்விய போடுங்க, முழிச்சார்னா விட்டுருங்க.

ஜிஓடிஎஸ்னு சொன்னா ஸ்கோப் சர்ட்டிபிகேட் காப்பி கேளுங்க, கம்பெனி பேர அவங்க வெப்சைட்லயே தேடிப் பாக்கலாம். ஆனா ஸ்கோப் இருக்குன்னா அந்த கம்பெனி செய்யத் தகுதி இருக்குன்னு தான் அர்த்தம், உங்க துணி அந்தப் பஞ்சுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கு சரக்குக்கு சரக்கு டிசி (டிரான்ஸாக்ஷன் சர்ட்டிபிகேட்)ன்னு தனியா ஒரு சர்ட்டிபிகேட் உண்டு. 150 பீஸுக்கு உங்க பேர்ல டிசி யாரும் போட்டுத் தர மாட்டாங்க, துணி வாங்கின டிசியாவது காட்டட்டும். அதுலயும் கண்ண மூடிட்டு நம்ப முடியாது, 2020ல இந்தியால சுமார் 20,000 டன் பஞ்சுக்கு போலி டிசி ஓடினத ஜிஓடிஎஸ்காரங்களே கண்டுபிடிச்சு வெளிய சொன்னாங்க, அதுல இருந்த க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா அரசாங்க சைட் மாதிரியே செஞ்சு வச்ச டூப்ளிகேட் சைட்டுக்குப் போகுமாம், எவ்ளோ மெனக்கெட்டிருக்கானுங்க பாருங்க.

பாட்டில் பாலியஸ்டர் வேணாம், என் கருத்து. பாட்டில திரும்ப பாட்டிலாவே ஆக்கலாம், டி-ஷர்ட் ஆனா அதோட கத முடிஞ்சுது. துவைக்கிறப்பல்லாம் நுண்ணிழை வேற தண்ணில போகும். சென்னை வெயில்ல அதப் போட்டுட்டு குரூப் போட்டோவுக்கு நின்னீங்கன்னா பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்க, அது தனி.

நொய்யல்_கடைமடை:
நேவி ப்ளூங்கிற வார்த்தைய யாருமே கண்டுக்கலயேங்க. எங்கூரு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. 1992ல பாசனத்துக்குன்னு, திருப்பூர் வழியா வர்ற நொய்யல் ஆத்துல கட்டின அணை, நாலஞ்சு வருசத்துலயே சாயத்தண்ணி தேக்குற தொட்டியா போயிருச்சு, தண்ணி தொறந்து விடுங்கன்னு கேக்க வேண்டிய விவசாயி தயவு செஞ்சு தொறக்காதீங்கன்னு மனு குடுத்த அணை உலகத்துல இதா மட்டும்தான் இருக்கும். எங்க கெணத்துத் தண்ணில பருப்பு வேகாது, சோப்பு நொரைக்காது, தென்ன மட்ட நுனில இருந்து கருகிட்டே வரும், வாழ வச்சவங்க எல்லாம் கைய சுட்டுக்கிட்டு ஆடு மாட்ட வித்துட்டு பனியன் கம்பெனிக்கே வேலைக்குப் போனாங்க.

ஏன்னு கேட்டா உப்புங்க. காட்டன் துணில ரியாக்டிவ் சாயம் ஏறணும்னா தண்ணில உப்பு போட்டாகணும், இல்லன்னா சாயம் தண்ணிலயே நிக்கும், துணிய புடிக்காது. வெளிர் கலருக்கு கொஞ்சம் போதும், நேவி கறுப்பு மெரூன்னா லிட்டருக்கு 60, 80 கிராம் வரைக்கும் கொட்டுவாங்க. சாயம் பெரும்பகுதி துணில போயிரும், உப்பு ஒரு சிட்டிகை கூட துணில தங்காது, போட்டது அத்தனையும் வெளிய வரும். கலர மருந்து போட்டு எடுத்து தண்ணிய பளிச்சுனு காட்டிரலாம், அந்தப் பளிச்சுனு இருக்குற தண்ணில தாங்க எங்க பூமி போச்சு. டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல விடக்கூடாதுங்கிறது சட்டம். காகிதத்துல.

நொய்யல் பாசன விவசாயிங்க கேஸ் நடத்தி, கடைசியா 2011 ஜனவரி 28ல ஹைகோர்ட்டு மொத்த சாயப்பட்டறைக்கும் பூட்டு போடச் சொல்லுச்சு. ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிச்சா தான் தொறக்கலாம்னு ஆச்சு. இப்ப முறையா ஓட்டுற பட்டறைங்க ஆர்ஓ போட்டு, மிச்சத்த காய்ச்சி, உப்ப தனியா எடுத்து திரும்ப சாயத்துக்கே போடுறாங்க, பாராட்டணும், இத்தன பெரிய அளவுல செய்யுற ஊரு நாட்டுலயே குறைச்சல். ஆனா செலவு ஜாஸ்தி, கரண்டும் வெறகும் தின்னும், பிரிச்செடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையா என்ன பண்றதுன்னு தெரியாம அடுக்கி வச்சிருக்காங்க. அந்தச் செலவு புடிக்காதவன் மழ பேயுற ராத்திரிக்கு காத்திருந்து தொறந்து விட்டுர்றான், அடுத்த நாள் ஆத்துல நொர மொதக்கும். உங்க 175 ரூபா துணி எந்தப் பட்டறையில சாயம் போட்டது, அவங்க பொது சுத்திகரிப்பு நிலையத்துல மெம்பரான்னு கேளுங்க. பஞ்சு ஆர்கானிக்கான்னு அப்பறம் கேட்டுக்கலாம்.

பழைய_மெர்ச்சண்டைசர்:
கடைமடை அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணின்னு ஒரு போஸ்ட் எல்லா குரூப்லயும் சுத்தும்ல, அதுல பெரும்பங்கு பருத்தி விளைய வைக்கிற தண்ணி. சாயத்துக்குப் போறது அதுல கொசுறு தான், ஆனா ஆத்த சாகடிச்சது அந்தக் கொசுறு.

கடுப்பு_கணேசன்:
இவ்ளோ பேசுறதுக்கு டி-ஷர்ட்டே அடிக்காம இருங்களேன்யா. ஒரு நாள் கூத்துக்கு 150 சட்ட, அடுத்த வாரம் பாதி பேர் வீட்ல அது பைக் தொடைக்கும். ஏற்கனவே தச்சு மிச்சமானது திருப்பூர் காதர்பேட்டை மார்க்கெட்ல மலை மாதிரி கெடக்கு, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதுல ப்ளெய்னா ஒரு லாட் எடுத்து பிரிண்ட மட்டும் அடிங்க, புதுசா ஒரு சொட்டு சாயம் வேணாம். அப்புறம் இன்னொண்ணு, 310 ரூபா குடுக்க முடியுறவன் நல்லவன், 175 ரூபாய்க்கு வாங்குறவன் பாவின்னு பேசாதீங்க. என் பசங்களுக்கு நான் பிளாட்பாரத்துல தான் எடுக்குறேன், ஒரு சட்டைய பெரியவன் போட்டு சின்னவன் போட்டு அப்புறம் தரை தொடைக்கிற வரைக்கும் ஓட்டுறோம், எங்களுக்கு யாரும் சஸ்டெய்னபிலிட்டி கிளாஸ் எடுக்க வேணாம்.

ஓவர்லாக்_அக்கா:
கணேசன் தம்பி கோவப்படாதீங்க, உங்கள யாரும் சொல்லல. நான் தையல் லைன்ல ஓவர்லாக் மிஷின் ஓட்டுறவ, இப்பவும். இங்க எல்லாரும் 175, 310னு ரூபாயவே பாக்குறீங்க, எனக்கு அந்த ஆறு நாள்தான் கண்ணுல படுது. துணி ஸ்டாக் இருந்தா சரி, கட்டிங் தையல் செக்கிங் அயர்ன் பேக்கிங்னு முடிச்சுரலாம். துணியே இல்லாம நூல்ல இருந்து ஆரம்பிச்சு ஆறு நாள்னா, அது யாரோ பொம்பளைங்க வீட்டுக்குப் போகாம தச்சுக் குடுக்குறது தான். எங்கூர்ல சாதாரணமாவே ஒண்ணரை ஷிப்ட், காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரை, அவசர ஆர்டர்னா ரெண்டு ஷிப்ட், பன்னெண்டு மணி ஒரு மணி ஆகும், வேன் வந்தா வேன் இல்லன்னா யார் வண்டிலயாவது தொத்திக்கிட்டு. பாதி ஆர்டர் பவர்டேபிளுக்கு, அதாவது சின்னச் சின்ன தையல் யூனிட்டுக்கு, ஜாப் ஒர்க் போயிரும், அங்க பீஸ் ரேட்டு, பிஎஃப் இஎஸ்ஐ எல்லாம் கேக்கவே கூடாது.

விலை கூட குடுத்தா கூலி கூடும்னும் நினைக்காதீங்க சார். கடையில ஆயிரம் ரூபாய்க்கு விக்கிற பிராண்டும் நான் தச்சிருக்கேன், பக்கத்து லைன்ல லோக்கல் மாலும் தச்சிருக்கேன், ரெண்டுக்கும் அதே ஷிப்ட் சம்பளம் தான். நீங்க பிரிண்டுக்கு குடுக்குறத விட முழு சட்டையத் தைக்கிற கூலி கம்மி. பிராண்டுக்காக வந்து கம்பெனிய சோதிக்கிற ஆடிட்டும் பாத்தாச்சு. ஆடிட் அன்னிக்கு ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டில மருந்து புதுசா இருக்கும், கட்டிங் மாஸ்டர் கையில அந்த இரும்பு வலை கையுறை ஏறிரும், ஓவர்டைம் ரெஜிஸ்டர் வேற ஒண்ணு மேசைக்கு வரும், யாராவது கேட்டா எட்டு மணி நேரம் தான்னு சொல்லணும்னு காலைலயே சொல்லிக் குடுத்துருவாங்க. ஆடிட்டர் அம்மா போன அன்னிக்கு ராத்திரியே அந்த கையுறை பீரோவுக்குள்ள போயிரும். டைம் குடுத்து ஆர்டர் போடுங்க, அதவிட பெரிய உபகாரம் எங்களுக்கு வேற இல்ல.

பழைய_மெர்ச்சண்டைசர்:
அக்கா சொன்ன டைம் விஷயத்த நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்தவன். பையர் சாம்பிள் அப்ரூவல மூணு வாரம் இழுப்பான், ஷிப்மெண்ட் தேதிய மட்டும் ஒரு நாள் தள்ள மாட்டான், தள்ளிப் போச்சுன்னா ஃப்ளைட்ல அனுப்பு, செலவு உன்னோடதும்பான், அந்த மூணு வாரத்த தையல் லைன்ல தான் பிடுங்குவாங்க. பங்களாதேஷ்ல ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24ல இடிஞ்சுதே, முந்தின நாளே சுவர்ல விரிசல் தெரிஞ்சு கீழ இருந்த பேங்க் தன் ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டான், மேல இருந்த கார்மெண்ட் கம்பெனிங்க மட்டும் வேலைக்கு வரச் சொல்லுச்சு. 1,100 பேருக்கு மேல செத்தாங்க. பேங்குக்கு ஷிப்மெண்ட் தேதி கிடையாது.

திண்டுக்கல்_வாசி:
ஆடிட்ட நம்ப முடியாதுங்கறது சரி, ஆனா வேற வழியே இல்லன்னு விட்டுறவும் வேணாம். எங்க மாவட்டத்துல 2021 ஜனவரில ஒரு கார்மெண்ட் ஃபேக்டரில வேலை பாத்த தலித் பொண்ணு கொலை செய்யப்பட்டு, அவங்க சூப்பர்வைசர் கைதானார். அதுக்கப்புறம் பெண்கள் நடத்துற டிடிசியு யூனியன் விடாம நின்னு 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம்னு ஒண்ணு வாங்கினாங்க, ஃபேக்டரிகாரங்களும் எச் அண்ட் எம்மும் கையெழுத்து போட்டாங்க, பின்னாடி இன்னும் சில பெரிய பிராண்டுங்க சேந்தாங்க. அதுல வெளிய இருந்து ஒருத்தர் வந்து ஒரு நாள் பாத்துட்டுப் போற கதை இல்ல, லைன்ல தைக்கிற பொண்ணுங்கள்லயே சிலருக்கு பயிற்சி குடுத்து தொந்தரவு நடந்தா அவங்களே புகார் எடுக்கலாம், கம்பெனி கேக்கலன்னா பிராண்ட் ஆர்டர நிறுத்தலாம்னு இருந்துச்சு. ஒரு காலத்துல சுமங்கலி திட்டம்னு சொல்லி மில்லுல மூணு வருஷம் பொண்ணுங்கள அடைச்சு வச்சு கல்யாணத்துக்கு மொத்தமா பணம் தர்றோம்னு ஏமாத்தின ஏரியா இது, அதனால இது எனக்கு பெரிய விஷயமா தெரியுது. நீங்க 150 பீஸ் வாங்குற இடத்துல இதெல்லாம் கேக்க முடியாது, தெரியும். யூனியன் இருக்கான்னாவது கேட்டுப் பாருங்க, அந்த மூஞ்சி மாறுறத பாக்கவே ஜாலியா இருக்கும்.

மெக்_பேட்ச்_சென்னை:
அப்டேட் மக்களே. இங்க வந்தத எல்லாம் அப்படியே குரூப்ல போட்டேன். கணேசன் அண்ணன் சொன்னத பாத்துட்டு 40 பேர் எனக்கு டி-ஷர்ட் வேணாம்னு கழண்டுகிட்டாங்க, அதுவே பெரிய மிச்சம். முதல் பார்ட்டிக்கு போன் போட்டு சாயம் எங்க போடுறீங்கன்னு கேட்டேன், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், கலர் போகாது கேரண்டி"ன்னார். ரெண்டாவது ஆள் ஜிஓடிஎஸ் துணி தான், டிசி காப்பி தர்றேன், ஆனா பிரிண்டிங் யூனிட்டுக்கு சர்ட்டிபிகேட் இல்ல அதனால ஜிஓடிஎஸ் லோகோ போட முடியாதுன்னு அவராவே சொன்னார், எனக்கு அதுல தான் நம்பிக்கை வந்துச்சு. நேவிய தூக்கிட்டு சாயமே போடாத பஞ்சு கலர்ல கேட்டிருக்கோம், விலையும் கொஞ்சம் இறங்குச்சு. காதர்பேட்டை ஐடியாவும் நல்லா இருந்துச்சு, ஒரே சைஸ்ல தான் லாட் கிடைக்குது, அதான் இடிச்சுது. சாயம் போடாத துணில வேற ஏதாவது பாக்கணுமா?

பழைய_மெர்ச்சண்டைசர்:
பாக்கணும். சாயம் இல்லன்னாலும் ஸ்கவரிங், அதாவது துணிய காய்ச்சிக் கழுவுறது, பண்ணியே ஆகணும், பஞ்சுல இயற்கையா ஒரு மெழுகு இருக்கும், அது போகலன்னா துணி தண்ணிய உறிஞ்சாது, பிரிண்டும் பிடிக்காது, நாலு துவைப்புல உரிஞ்சு வரும். அப்புறம் காம்பேக்டிங், அதாவது துணிய முன்கூட்டியே சுருக்கி விடுறது, ஆச்சான்னு கேளுங்க, இல்லன்னா முதல் துவைப்புலயே சட்ட தொப்புளுக்கு மேல ஏறிக்கும். ஒரு சாம்பிள் பீஸ் வாங்கி, துவைச்சு, டேப் வச்சு அளந்துட்டு ஓகே சொல்லுங்க. பிரிண்டுக்கு பிளாஸ்டிசால் வேணாம் வாட்டர் பேஸ் இங்க்னு சொல்லிருங்க, பிளாஸ்டிசால்ங்கிறது பிவிசி தான், வெளிர் துணில வாட்டர் பேஸே எடுப்பா இருக்கும்.

ஓவர்லாக்_அக்கா:
அஞ்சு வாரம்னா அஞ்சு வாரம் விடுங்க தம்பி, நாலாவது வாரத்துல போன் பண்ணி அவசரப்படுத்திராதீங்க.

கடுப்பு_கணேசன்:
சைஸ ஒவ்வொருத்தனையும் தனித்தனியா கேட்டு எழுதி வாங்கு. காலேஜ்ல மீடியம் போட்டவன் எல்லாம் இன்னும் மீடியம்னு தான் சொல்லுவான், இப்ப தொப்பை டபுள் எக்ஸெல், அப்புறம் 30 பீஸ் யாருக்கும் பத்தாம உன் வீட்டு பரண்ல தான் கெடக்கும்.