செருப்பு கழன்றதே தெரியல: வைட்டமின் பி12 குறைஞ்சவங்க அனுபவம் சொல்லுங்க

வைகைக்கரை:
அம்மாவுக்கு 61 வயசு. சுத்த சைவம். சுகருக்குப் பத்து வருஷமா மெட்ஃபார்மின். பாதம் மதமதன்னு இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. "சுகர்னா அப்படித்தாம்மா"ன்னு நான்தான் வாயை அடைச்சேன். சித்திரையில கோயிலுக்குப் போய்ட்டு வர்றோம், மத்தியானம், தார் ரோடு. பின்னால ஒரு பையன் "பாட்டி, செருப்பு!"ன்னு கத்துறான். இடது செருப்பு பத்தடி பின்னால கிடக்கு. அம்மா வெறுங்காலோட பேசிக்கிட்டே நடக்குறாங்க. வீட்ல வந்து பார்த்தா கட்டைவிரல் அடியில கொப்புளம். ரத்தத்துல பி12 எடுத்துப் பார்த்தோம், 118தான், ரொம்பக் குறைவு. அந்தக் கொப்புளம் கண்ணைவிட்டுப் போகமாட்டேங்குது.

மல்லிப்பந்தல்:
எனக்கு நாக்குல ஆரம்பிச்சது. ரசம் பட்டாலே எரியும். கண்ணாடியில பார்த்தா சொரசொரப்பே இல்லாம வழவழன்னு, செக்கச்செவேல்னு இருக்கு. ஆறு மாசம் வாய்ப்புண் மாத்திரையா முழுங்கினேன். ஒரு டாக்டர் நாக்கைப் பார்த்ததுமே ரத்தம் எடுக்கச் சொன்னார். எம்.சி.வி., அதாவது சிவப்பணுவோட சராசரி அளவு, 112, ரொம்பப் பெருசு. பி12 குறைஞ்சா அப்படி ஆகுமாம். பி12 ஊசி போட்டு மூணாவது வாரம் ரசஞ்சோறு சாப்பிட்டேன், எரியல. தட்டு முன்னாடியே அழுதுட்டேன்.

பொன்னிநெல்:
ஊசியெல்லாம் எதுக்குங்க? தினம் நீராகாரம், கூட ஸ்பைருலினாங்கற பாசிப் பொடி. எனக்கு அசதி போயிடுச்சு.

கடலோரம்:
பொன்னிநெல் அண்ணே, தயவுசெஞ்சு இப்படிச் சொல்லாதீங்க. எங்கப்பா ஸ்பைருலினாவை நம்பி ஒரு வருஷம் ஓட்டினார், கண்ணை மூடி முகம் கழுவினா தள்ளாடுவார். அதுல இருக்கறதுல பெரும்பகுதி நம்ம உடம்புக்கு ஆகாத போலி பி12. செடிகொடி எதுவும் பி12 தயாரிக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் மாதிரி உணவுலதான் இருக்கு. கல்லீரல்ல இருக்கற சேமிப்பு வருஷக்கணக்கா தாங்கும், அதனால குறையறது சட்டுன்னு தெரியாது. இன்னொண்ணு, அசதின்னு வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டா ரத்தசோகை சரியாகும், ஆனா நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும். மெட்ஃபார்மின் போடறவங்க, ஓமிப்ரசோல் மாதிரி அல்சர் மாத்திரையை வருஷக்கணக்கா போடறவங்க, டாக்டர்கிட்ட கேட்டு பி12 பார்த்துடுங்க, இந்த மாத்திரைங்க பி12 உடம்புல சேர்றதைக் குறைக்கலாம். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

பொன்னிநெல்:
நான் டெஸ்ட் எடுத்ததே இல்ல தம்பி. நாளைக்கு எடுக்கறேன்.

வைகைக்கரை:
அம்மாவுக்கு நாலு ஊசி முடிஞ்சிருக்கு. நேத்து பாத்ரூம்லேருந்து "தரை சில்லுன்னு இருக்குடி"ன்னு குரல் கொடுத்தாங்க. வலது கால்ல மட்டும். இடது கால் இன்னும் அப்படியேதான் இருக்கு.