வாடகை வீட்டுப் புல்தரையில் போகாத களை: இரண்டு வாரக் கெடு

கேட்டவர்:
வணக்கம். நாங்கள் இங்கே குடிவந்து மூன்று மாதங்களாகின்றன. புல்தரையில் மண்டியிருக்கும் களையை இரண்டு வாரத்திற்குள் அகற்றாவிட்டால், தாமே ஆள் வைத்து அகற்றி, அந்தச் செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்வதாக வீட்டு உரிமையாளர் எழுதியிருக்கிறார். இரண்டு முறை கையால் பிடுங்கினேன். பத்தே நாளில் முன்னிலும் அடர்த்தியாக முளைத்துவிட்டது. இரவில் தூக்கமே இல்லை. எந்த மருந்து தெளிக்கலாம்?

மறுமொழி 1:
தம்பி, மருந்து இருக்கட்டும்; தோட்டப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். நாங்கள் அதைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு, முதல் ஆண்டின் விடுமுறை நாள்களையெல்லாம் களை பறித்தே கழித்தோம்.

மறுமொழி 2:
கிளைபோசேட் தெளியுங்கள். ஒரே முறையில் எல்லாம் காய்ந்துவிடும்.

மறுமொழி 3:
எல்லாம் என்பதில் புல்லும் அடக்கம். வந்த புதிதில் நான் அதைத் தெளித்து, முற்றம் முழுவதும் பழுப்பேறி, மறுபடி விதைத்துப் புல் மூடும்வரை தினமும் வருந்தினேன். அகன்ற இலைக் களை என்றால் 2,4-டி என்ற களைக்கொல்லி போதும். அது பெரும்பாலான புல் வகைகளை விட்டுவிடும்.

மறுமொழி 4:
நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்து, புல்லுக்கு நீர் விட்டு, உரமிட்டு, அது வளர்ந்ததும் வெட்டி எறிய வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் ஆற்றாமைதான். உப்பைக் கரைத்து ஊற்றிவிடுங்கள்.

மறுமொழி 5:
உப்பு வேண்டாம், மண்ணே கெட்டு, அந்த இடத்தில் புல்லும் வளராது. தம்பி, அது என்ன களை என்று நீங்கள் சொல்லவே இல்லை. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருண்டையா, மூன்று பட்டையா?

கேட்டவர்:
மூன்று பட்டை, அக்கா. இலை பளபளப்பாக, புல்லைவிட வேகமாக உயர்கிறது.

மறுமொழி 5:
அப்படியென்றால் அது கோரை. 2,4-டி அதற்குப் போதாது. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாகக் கிடப்பதால், மேலே பிடுங்கினால் உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கும். உங்களுக்கு நடந்தது அதுவே. ஹாலோசல்ஃபியூரான் கலந்த கோரை மருந்து, 3 முதல் 5 இலை விட்ட பருவத்தில் நன்கு வேலை செய்யும். தெளிப்பதற்கு முன்னும் பின்னும் 2 நாள் புல்லை வெட்டாதீர்கள். அது வாட 2, 3 வாரமாகும், பிறகு மறுபடியும் தெளிக்க நேரும். வீட்டுத் தோட்டத்தில் எதற்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், வாங்குமுன் அதையும், உங்கள் புல் வகைக்கு ஏற்றதா என்பதை மருந்துப் புட்டியின் சீட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் கோரை செழிக்கும். அடிக்கடி நனைப்பதை நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் கோரையை ஒழிக்க யாராலும் இயலாது என்பதால், படத்தோடு இந்த விவரத்தை இன்றே உரிமையாளருக்கு எழுதி, தெளிக்க அவருடைய சம்மதத்தையும் கூடுதல் அவகாசத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேட்டவர்:
இப்போதே எழுதுகிறேன், அக்கா. மிக்க நன்றி.