மறு: கலெக்டருக்கு மனு – "கடல் மட்டம் உயர்வதால்" என்கிற வரியை எடுத்துவிடலாம்

ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடல் அரிக்கிற நம் குமரி மாவட்டத்துக் கரையைக் காப்பாற்றக் கேட்டுக் கலெக்டருக்குக் கொடுக்கப்போகிற மனுவுக்கு வரைவு எழுதத்தான் இந்தப் பேச்சு தொடங்கியது. இப்போது மனு ஒரு மூலையில் கிடக்கிறது, உலகம் சூடாகிறதா இல்லையா என்று அடித்துக்கொண்டிருக்கிறோம். குவைத் மாமா அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நியூஜெர்சி அண்ணன் அதற்கு எழுதிய நீண்ட பதிலையும் முழுக்கப் படித்தேன். மாமா சொல்வது, கடல் உயரவே இல்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கிளப்பிவிட்ட புரளி. அண்ணன் சொல்வது, நம் கரை போனதற்கு ஒரே காரணம் கடல் மட்டம், இதை ஒத்துக்கொள்ளாதவர்களோடு பேசிப் பயனில்லை. பங்குப்பேரவைக் கூட்டத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் இப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள். தூரத்தில் இருந்து தட்டச்சு செய்யும்போது நாக்குக்கு எலும்பு இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகக் கணக்கில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் "உலகக் கடல் மட்டம் உயர்வதால் எங்கள் ஊர் அழிகிறது" என்று அண்ணன் எழுதிய முதல் வரியோடு மனு போனால், நம் ஊருக்கு ஒரு கல்கூட வராது.

முதலில் மாமாவுக்கு. கண்ணாடித் தம்ளரில் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியாது என்று அந்த வீடியோவில் காட்டுகிறார்கள். உண்மைதான், மிதக்கிற ஐஸ் கரைந்தால் மட்டம் ஏறாது. ஆனால் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் கிடக்கிற பனியை எந்தத் தம்ளரில் வைத்துக் காட்டுவது? தவிர, சூடானால் தண்ணீரே விரியும். 1971 முதல் ஏறியதில் பாதி அப்படி விரிந்ததால்தான். முட்டத்துப் பாறை சின்ன வயதில் பார்த்த மாதிரியே இருக்கிறது என்கிறீர்கள். நம் பக்கம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே கடல் தினமும் ஒன்றிரண்டு அடி ஏறி இறங்குகிறது. அதற்குள் ஒளிந்திருக்கிற ஒரு சாண் அளவைப் பாறையைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதற்குத்தான் கொச்சித் துறைமுகத்தில் 1939 முதல் அளவுகோல் வைத்துக் குறிக்கிறார்கள், 1993 முதல் செயற்கைக்கோளிலும் அளக்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் தந்த அறிக்கைப்படி 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. முதல் எழுபது வருடம் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 2006க்குப் பிறகு 3.7 மில்லிமீட்டர். வேகம் கூடிக்கொண்டே வருகிறது. இதை வெள்ளைக்காரன் சதி என்றால் கொச்சியில் அளவுகோல் பார்க்கிற மலையாளியும் அந்தச் சதியில் சேர்த்தி என்றாகிறது. எண்ணெய்க் கம்பெனிச் சோறு நானும்தான் தின்கிறேன் மாமா. தின்கிற சோற்றுக்காக அளவுகோலைக் குறை சொல்ல வேண்டாம்.

"குமரிக்கண்டமே போச்சு, இது என்ன புதுசா" என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். சுமார் 20,000 வருடத்துக்கு முன்னால் கடல் இப்போதைவிட 120 மீட்டர் கீழே கிடந்தது, பிறகு ஏறியது, சில ஆயிரம் வருடமாக ஏறக்குறைய நின்றிருந்தது. அன்றைக்கு மனிதர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்திருப்பார்கள். நமக்குப் பின்னால் ஏ.வி.எம். கால்வாய் கிடக்கிறது தம்பி. முன்னால் கடல், பின்னால் கால்வாய், நடுவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எங்கே நகர?

சரி, இப்போது அண்ணனுக்கு.

1993 முதல் ஏறியது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். மணல் கரையில் கடல் எவ்வளவு ஏறினால் கரை எவ்வளவு பின்வாங்கும் என்பதற்குப் பொறியாளர்கள் தோராயமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஏறிய அளவைப்போல் ஐம்பது முதல் நூறு மடங்கு. அப்படிப் பார்த்தால் நமக்குப் போயிருக்க வேண்டியது ஐந்து முதல் பத்து மீட்டர். நாம் இழந்தது அவ்வளவா? கரைமடி வலை இழுத்த இடம், அதற்கு மேலே வலை உலர்த்திய இடம், அப்புறம் தென்னை, அப்புறம் முதல் வரிசை வீடுகள். கடல் மட்டம் இதில் ஒரு பங்கு எடுத்திருக்கலாம். மிச்சத்தை எடுத்தது யார்?

இன்னொன்று. நம் கரையை அதிகம் தின்பது ஆனி, ஆடி. ஆனால் நம் மேற்குக் கரையில் சராசரிக் கடல் மட்டம் வருடத்திலேயே தாழ்ந்து இருப்பதும் அந்தப் பருவத்தில்தான். அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிற காலம் அது, கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மட்டம் உயர்ந்து நிற்பது மார்கழியில், அப்போது கடல் பாயைப்போல் கிடக்கும். ஆக, வீட்டைத் தின்கிறது மட்டம் அல்ல, அலை. அலையை ஆண்டாண்டு காலமாகத் தடுத்துக் கொண்டிருந்தது மணல். ஆடியில் அலை மணலை வாரிக்கொண்டு போகும், கருமணல் மட்டும் தரையில் பட்டையாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளை மணல் திரும்பி வந்து மூடும். நம் அப்பாமார் காலத்தில் போனது திரும்பி வந்தது. இப்போது போகிறது, வரவில்லை.

குருசடிக்கு முன்னால் போட்ட கல்சுவரை ஊருக்குப் போகிறவர்கள் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மேலே இருந்து பார்த்தால் கெட்டியாகத் தெரியும். அலை வந்து மோதித் திரும்பும்போது கல்லுக்கு அடியில் இருந்து மணல் கலங்கிப் பழுப்பாகக் கடலுக்குள் ஓடும். அடுத்த அலையிலும் அதே. ஒரு பருவம் முடியும்போது மேல் கல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், மறு பருவத்தில் கல்லே இருக்காது. அலை அதைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை, கல் தன் அடியில் இருந்த குழிக்குள் தானே இறங்கிவிடுகிறது. அதன்மேல் இன்னொரு கல்லைப் போட இன்னொரு டெண்டர் வரும். (டெண்டரைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.)

அந்த மணல் எங்கே? தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் கிடக்கிறது. அங்கே மணல் மேடிட்டு, அலை மடிந்து, வள்ளம் கவிழ்ந்து நம் ஆட்கள் செத்தார்கள். அங்கே மணல் இருந்து கொல்கிறது, இங்கே மணல் இல்லாமல் வீடு விழுகிறது. கரையை ஒட்டி ஓடுகிற மணலைக் கடலுக்குள் நீட்டிய சுவர் மறித்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். சென்னையில் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980களில் துறைமுகம் வந்தது, நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. கடைசியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கு அடியில் ஒரு தடுப்பு வைத்து மணலைத் திரும்ப வரவைத்தது. மணலைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆற்றுவழி மணல் வரவும் குறைந்துவிட்டது. பேச்சிப்பாறை 1906இல் கட்டி முடித்த அணை, அதன் பிறகு பெருஞ்சாணி. மிச்சம் இருந்த ஆற்று மணல் லாரியில் போனது.

தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல்சுவர்) வேண்டும் என்று மனுவில் கேட்டிருக்கிறோம். நம் முன்னால் போட்டால் நமக்குக் கொஞ்சம் மணல் நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஊருக்கு? எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பொழியூர் ஆட்கள், தமிழ்நாடு தன் எல்லையூரான நீரோடியில் போட்ட கல்லால்தான் தங்கள் கரை போனது என்று சொல்கிறார்கள். நம் ஆட்கள் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தைக் காட்டுகிறார்கள். விழிஞ்ஞத்துக்குப் போன கல்லில் ஒரு பங்கு நம் மாவட்டத்து மலையை உடைத்துக் கொண்டுபோனது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும். 2022இல் விழிஞ்ஞத்தில் மாதக்கணக்காகப் போராடியவர்கள் கேட்டதில் ஒன்று, துறைமுகத்தால் கரை அரிக்கிறதா என்று முறையாக ஆய்வு செய்யுங்கள் என்பது. அது நியாயமான கேள்வி. அதே கேள்வியை நாமும் தேங்காய்ப்பட்டணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். இப்போது பொழியூரிலும் மீன்பிடித் துறைமுகத் திட்டம் இருக்கிறது. அலைக்கு எல்லைக்கல் தெரியாது என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம், ஆனால் நீரோடிக்கு இந்தப் பக்கம் ஒரு அரசின் துறை, அந்தப் பக்கம் இன்னொரு அரசின் துறை. இரண்டும் சேர்ந்து ஒரு மணல் கணக்கு போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதனால்தான் அண்ணன் எழுதிய வரி எனக்கு ஆகவில்லை. "உலகக் கடல் மட்டம் உயர்வதால் எங்கள் ஊர் அழிகிறது" என்று நாமே எழுதிக் கொடுத்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதைவிட நிம்மதி வேறு இல்லை. "ஆமாம், இயற்கை, உலகப் பிரச்சினை, நாங்கள் என்ன செய்ய?" என்று நம் கடிதத்தையே நமக்குப் படித்துக் காட்டுவார். முகத்துவார மணலுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இருக்காது.

அதற்காகக் காலநிலை மாற்றத்தை மனுவிலிருந்து துடைத்துப்போட வேண்டும் என்று மாமா சொல்வதையும் ஏற்க மாட்டேன். அது வர வேண்டிய இடம் வேறு. கட்டப்போகிற சுவர் எத்தனை வருடத்துக்கு? அதே 2021 அறிக்கையில், புகையைக் குறைக்காவிட்டால் இந்த நூற்றாண்டு முடிவில் கடல் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரலாம் என்று இருக்கிறது, நன்றாகக் குறைத்தால்கூட 28 முதல் 55 சென்டிமீட்டர். பழைய மட்டத்துக்குக் கட்டிய சுவரை கள்ளக்கடல் வருகிற அன்றைக்கு அலை தாண்டிவிடும். காற்றே இல்லாமல், எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை வந்து வீட்டுக்குள் ஏறுவதை 2024 மார்ச் 31 அன்று தென்கேரளக் கரை முழுக்கப் பார்த்தது. ஒக்கி புயல் 2017 நவம்பரில் வந்தபோது நம் பக்கம் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அரபிக்கடல் சூடாகிறது, புயலும் கூடுகிறது. அதைக் கணக்கில் வைத்து உயரம் போடுங்கள் என்று கேட்பது நியாயம். காரணம் என்ற இடத்தில் மணலை எழுதுவோம், சுவரின் உயரம் என்ற இடத்தில் கடல் மட்டத்தை எழுதுவோம்.

ஆகவே முதல் பத்தியை இப்படி மாற்றச் சொல்கிறேன்: துறைமுக முகத்துவாரத்தில் தோண்டுகிற மணலை வேறெங்கும் கொண்டுபோகாமல், விற்காமல், வருடா வருடம் அரிக்கிற கரையில் போட வேண்டும். புதிதாக எந்தத் தூண்டில் வளைவும் போடுவதற்கு முன், தேங்காய்ப்பட்டணம் முதல் பொழியூர் வரை ஒரே கரையாக வைத்து மணல் ஓட்டத்தை அளக்க வேண்டும். கட்டுகிற சுவருக்கு வருங்காலக் கடல் மட்டத்தைக் கணக்கில் எடுத்தே உயரம் வைக்க வேண்டும். அண்ணன் திரட்டிய புள்ளிவிவரங்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றைச் சுவர் உயரத்துக்கான பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம். மாமாவிடம் பழைய ஊர்ப் படங்கள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், கோயில் திருவிழாவில் கரையில் நின்று எடுத்தவை. அவற்றில் கரை எவ்வளவு அகலம் என்று தெரியும். ஸ்கேன் செய்து அனுப்புங்கள் மாமா, இணைப்பாக வைக்கலாம்.

பொழியூர்ப் பங்கிலும் கையெழுத்து வாங்க முடிந்தால் மனுவை இரண்டு கலெக்டர்களுக்கும் அனுப்பலாம். அதற்கு மலையாளத்தில் ஒரு பிரதி வேண்டும். திருவனந்தபுரத்தில் இருக்கிறவர்களில் யார் எழுதித் தருவீர்கள்? அடுத்த கூட்டத்துக்கு முன் கையில் கிடைத்தால் நல்லது.

ஷார்ஜாவிலிருந்து,
உங்கள் கீழத்தெருக்காரன்