வீட்டில் படிக்கும் குழந்தைக்குக் கற்றல் கோப்பு தேவையா?

தொண்டாமுத்தூர் அம்மா:
என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று ஆண்டுகளாகப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கிறோம். பொங்கலுக்கு வந்திருந்த என் மாமனார், ஒரு மதிப்பெண் அட்டைகூட இல்லாத நிலையில் இவள் என்ன படித்தாள் என்று நாளைக்கு யாரிடம் எதைக் காட்டுவாய் என்று கேட்டார். பதில் சொல்ல வராத ஆற்றாமையில் மறுநாளே கடைக்குப் போய்க் கோப்பு வாங்கி, அவளுடைய ஓவியங்கள், கட்டுரைகள், கணக்குத் தாள்கள் எல்லாவற்றையும் அழகாக அடுக்கத் தொடங்கினேன். இப்போது மூன்று கோப்புகள் நிறைந்துவிட்டன. ஆனால் ஒரு மாதமாக அவள் எதைச் செய்தாலும், "இது ஃபைலுக்குப் போகுமா அம்மா?" என்று கேட்கிறாள். போகாது என்று சொன்னால் பாதியில் விட்டுவிடுகிறாள். இதைத் தொடர்வதா, நிறுத்துவதா?

நெல்லைத் தகப்பன்:
நிறுத்திவிடுங்கள், சகோதரி. முதலில் சட்டத்தைப் பார்ப்போம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கோப்பு வைக்க வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாளைக்கே மனம் மாறிப் பள்ளியில் சேர்க்க நினைத்தாலும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆறு வயதைக் கடந்தும் பள்ளியில் சேராத குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், மற்றவர்களுக்கு ஈடாக வரச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை அதற்கு உண்டு என்றும் சொல்கிறது. பதினான்கு வயது நிறைந்த பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதியலாம். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் தருகிறார்கள். என் மகள் அப்படித்தான் எழுதித் தேறினாள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்கள், அந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குக் கற்றிருப்பதாக ஓர் உறுதிமொழி வாங்கிக்கொண்டார்கள். எட்டு வயதில் அவள் வரைந்த மயிலை யாரும் கேட்கவில்லை.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமானது வேறு. மதிப்பெண்ணுக்காகப் படிக்கக் கூடாது என்றுதானே பள்ளியை விட்டு வெளியே வந்தோம்? உங்கள் மகள் கேட்கும் கேள்வியைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்று வகுப்பில் நாம் கேட்ட அதே கேள்விதான் அது.

பிட்ஸ்பர்க் வாசி:
நான் வசிக்கும் அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவில் கோப்பு வைப்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1988இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஆண்டுக்கு 180 நாட்கள், அல்லது தொடக்க நிலையில் 900 மணி நேரமும் உயர்நிலையில் 990 மணி நேரமும் கற்பிக்க வேண்டும். படித்த நூல்களின் பெயர்களை அவ்வப்போது குறித்துவரும் பதிவேடும், பிள்ளையின் எழுத்துகள், பயிற்சித் தாள்கள், படைப்புகள் ஆகியவற்றின் மாதிரிகளும் கோப்பில் இருக்க வேண்டும். 3, 5, 8ஆம் வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட தேர்வு ஒன்றின் முடிவையும் சேர்க்க வேண்டும். தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் கோப்பைப் பார்த்து, பிள்ளையிடமும் பேசிவிட்டுச் சான்று தருவார். முன்பெல்லாம் கோப்பு முழுவதையும் கல்வி மாவட்டக் கண்காணிப்பாளரிடம் கொடுக்க வேண்டியிருந்தது; 2014இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சான்றை மட்டும் ஜூன் 30க்குள் கொடுத்தால் போதும்.

முதல் ஆண்டு நானும் உங்களைப் போலவே நல்ல பக்கங்களாகப் பொறுக்கி வைத்திருந்தேன். மதிப்பீட்டாளர் அம்மையார் அவற்றை இரண்டு நிமிடத்தில் புரட்டி முடித்துவிட்டு, இதில் உனக்கு எது கடினமாக இருந்தது என்று என் மகனிடம் கேட்டார். அவன் நான் கவனிக்காமல் விட்டிருந்த, அடித்தல் திருத்தல் நிறைந்த ஒரு வகுத்தல் கணக்குத் தாளைத் தேடி எடுத்து, எங்கே சறுக்கினான், பிறகு எப்படிப் பிடிபட்டது என்று பத்து நிமிடம் விளக்கினான். ஆகவே கோப்பைக் குறை சொல்லாதீர்கள். கொலு வைப்பதுபோல் அழகான பொம்மைகளை மட்டும் படியில் ஏற்றியதுதான் நீங்கள் செய்த தவறு என்று நினைக்கிறேன்.

நெல்லைத் தகப்பன்:
ஐயா, மதிப்பீட்டாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆய்வாளர் ஆய்வாளர்தானே? அது கிடக்கட்டும். தாளில் ஏறாத படிப்பை எந்தக் கோப்பில் வைப்பீர்கள்? என் மகள் இலாப நட்டக் கணக்கைக் கற்றது செவ்வாய்க்கிழமைகளில், மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையில், தன் தாத்தா விலை பேசுவதைக் கேட்டு. வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று மதிப்பிடுவதும் அவரிடம் கற்றதுதான். இவற்றுக்குக் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. கோப்பு வைக்கத் தொடங்கிய பெற்றோர், தாங்கள் அறியாமலே, தாள் மிஞ்சுகிற பாடங்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள் என்பதை எங்கள் நட்பு வட்டத்திலேயே கண்டிருக்கிறேன். சந்தைக்குப் போக வேண்டிய நாளில் பயிற்சித் தாளை நிரப்ப உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்:
முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் சொல்வது என் வகுப்பறையிலேயே நடந்திருக்கிறது. பிள்ளைகள் அட்டைகளையும் பொருள்களையும் கொண்டு தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் வகுப்பின் குறுக்கே கம்பிப் பந்தல் கட்டியிருந்தோம். பிள்ளைகள் அன்றன்று செய்ததை, நன்றாக வந்ததோ வராததோ, பெயர் எழுதி அதில் தொங்கவிடுவார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. கோணலாக வெட்டிய காகித மீனைக்கூடப் பெருமையோடு காட்டுவார்கள். பிறகு 2012-13இல், ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. பருவத்தின் ஊடே செயல்திட்டம் போன்றவற்றைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்களைப் பிரித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் செயல்திட்டத்துக்கு மதிப்பெண் என்றானதும், எழுதுபொருள் கடைகளில் ஒட்டுப் படங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. பிள்ளையின் அப்பா செய்துகொடுத்த மாதிரிப் பொருள் என்று தெரிந்தே அதற்கு மதிப்பெண் போட்ட பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இருந்தும் நெல்லைத் தம்பி சொல்வதை முழுவதுமாக ஏற்க மாட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனின் எழுத்து கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போனது. சோம்பல் என்றுதான் நானும் அவன் தாயும் நினைத்தோம். ஒருநாள் தேதியிட்ட பழைய தாள்களை வரிசையாகப் பரப்பியபோதுதான், மூன்று மாதங்களில் எழுத்து படிப்படியாகப் பெரிதாகியும் சரிந்தும் வந்திருப்பது தெரிந்தது. கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். கண்ணாடி போட வேண்டியிருந்தது. அன்றாடம் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல நடக்கும் மாற்றம் தெரியாது. பள்ளியிலாவது ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியர் மாறுவார், புதிய கண் ஒன்று பார்க்கும். வீட்டில் அதே தாய், அதே தகப்பன்.

அம்மா, தேர்ந்தெடுக்கும் வேலையை உங்கள் மகளிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் பின்பக்கத்தில் பென்சிலால் தேதி மட்டும் எழுதுங்கள். நன்று, மிக நன்று, நட்சத்திரம் எதுவும் வேண்டாம்.

நெல்லைத் தகப்பன்:
கண்ணாடி விஷயத்தில் டீச்சர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பெற்றோரின் குறிப்பே போதாதா? என் மனைவி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் அன்றைக்கு மகள் படித்தது, கேட்டது, செய்தது என்று ஓரிரு வரிகள் எழுதி வைப்பார். அந்தக் கட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. மகளுக்குக் காட்டியதில்லை.

பிட்ஸ்பர்க் வாசி:
அப்படியானால் ஆட்டுச் சந்தையும் அந்தத் தாள்களில் ஏறியிருக்குமே! தேதியோடு, அன்றன்றே எழுதிய குறிப்பு. எங்கள் மாநிலம் கேட்கும் பதிவேட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள், ஐயா. வேண்டாம் என்று இவ்வளவு நேரம் வாதாடியவர் வீட்டுப் பரணில்தான் நல்ல கோப்பு இருக்கிறது.

நெல்லைத் தகப்பன்:
சிரித்துக்கொள்ளுங்கள். குழந்தை அறியாமல் எழுதிய குறிப்புக்கும், குழந்தையின் கண்ணெதிரே நிறையும் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் தொடக்கத்திலிருந்து சொல்லி வருகிறேன். அதிலிருந்து நான் இறங்கவில்லை.

தொண்டாமுத்தூர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மூன்று கோப்புகளையும் அவளிடம் கொடுத்து, உனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள் என்றேன். நான் முதல் பக்கத்தில் வைத்திருந்த மயில் உட்படப் பாதிக்கு மேல் எடுத்துப் போட்டுவிட்டாள். பிறகு, அட்டையில் செய்த ஏற்றம் எங்கே என்று கேட்டாள். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றத்தை ஒரு வாரம் முயன்று, நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்ததால் விட்டுவிட்டாள். மூன்றாவது தடவை எந்தப் பக்கம் கல் கட்டினேன் என்று பார்க்க வேண்டும் என்கிறாள். அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டது நான்தான். இனி மாதம் ஒருமுறை அவளே பிரிக்கட்டும், நாட்காட்டித் தாளில் நான் எழுதுகிறேன் என்று முடிவு செய்திருக்கிறோம். மாமனார் ஆடிக்கு வருகிறார். அவருக்கு என்ன காட்டுவது என்று இன்னும் தெரியவில்லை. ஏற்றத்தை மறுபடி கட்ட அவரையே உட்கார்த்தி வைக்கலாமா என்று மகள் கேட்கிறாள்.