புதுப்பிப்பு: மறுமொழிக்கு இணைப்பு கொடுத்துப் பார்த்தேன்

மறுமொழி எழுதுபவரின் தளத்துக்கு இணைப்பு கொடுத்தால் வாசகர்கள் பேசுவார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். என் பினாங்குச் சாப்பாட்டுத் தளத்தில் செய்து பார்த்தேன். பேசினார்கள், ஆனால் பாதிக்கு மேல் வெறும் "அருமை".

என் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இந்த இணைப்புகளில் தானாகவே 'நோஃபாலோ' சேர்த்துவிடும். இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது, ஸ்பேமைத் தடுக்க 2005-இல் கூகுள் அறிமுகப்படுத்தியது. அதை எடுத்துவிடச் சிலர் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை, எடுத்தால் குப்பைதான் சேரும்.

சரி, முறையை மாற்றினேன். நல்ல மறுமொழி எழுதியவரின் பதிவை என் அடுத்த கட்டுரைக்குள்ளேயே இணைக்கிறேன். நாசி கண்டார் என்ற பினாங்குச் சோற்று உணவில் பல குழம்புகளைச் சோறு மூழ்க ஊற்றும் 'பஞ்சிர்' பற்றி பட்டர்வொர்த் அக்கா ஒருவர் அவ்வளவு ஆசையாக எழுதியிருந்தார். அவருடைய பக்கத்தைத்தான் முதலில் இணைத்தேன். இப்போது அங்கேயும் பேச்சு நடக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!